படையே கைவிட்ட அரசன்

மலர்க்குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொன்னார்கள். "வரலாறு எழுதுங்க சார், வேண்டாங்கல. ஆனா வேதியியல்காரனும் வணிகவியல்காரனும் கடைசிவரை படிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார்கள். நம் கல்லூரியில் வரலாற்று மாணவர்களைப் பிற துறையினர் எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்; அதை இப்போது கிளற வேண்டாம். நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் அரசன், மகள், கனவு, விருந்து, துரோகம், கடைசியில் ஒரு களிமண் பலகை என்று எல்லாம் அடங்கிய விஷயம் ஒன்று என் மனதில் பல வருஷமாகக் கிடக்கிறது.

நாம் படித்த புத்தகங்களில் அது ஒரே வரி. கி.மு. 550-இல் பாரசீகனான சைரஸ் மேதியரை வென்று பாரசீகப் பேரரசை நிறுவினான், அவ்வளவுதான். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். மேதியர் என்பவர்கள் அசீரியாவையே அழித்தவர்கள். பாரசீகர் அவர்களுக்கு அடங்கிக் கிடந்த மலைநாட்டுக் கூட்டம். அடங்கிக் கிடந்தவன் எழுந்து ஆண்டவனைக் கட்டிப்போட்டது எப்படி? இந்த "எப்படி"க்கு மூன்று நான்கு பழைய பதில்கள் உண்டு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஆனால் அவற்றுள் இரண்டு, ஒரு முக்கியமான இடத்தில் மட்டும், பேசி வைத்துக்கொண்டது போல ஒத்துப்போகின்றன. அந்த இடத்துக்குத்தான் உங்களை அழைத்துப் போகப் பார்க்கிறேன்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம். நம் கிறிஸ்தவ நண்பர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. தமிழ் வேதாகமத்தில் கோரேஸ் என்று வருகிறவன்தான் சைரஸ். மேதியர், பெர்சியர் என்று சேர்த்தே வரும் பெயர்களும் அதில் உண்டு. மேதிய நாட்டின் அக்மேதா பட்டணம் என்று எஸ்றா ஆகமம் குறிப்பிடுவது அவர்களுடைய தலைநகர். கிரேக்கர்கள் அதை எக்படானா என்றார்கள்; இன்றைக்கு அது மேற்கு ஈரானில் ஹமதான். பாரசீகர் அதற்குத் தெற்கே வெகுதொலைவில், இன்று ஷிராஸ் நகரம் இருக்கும் ஃபார்ஸ் பகுதியில் வாழ்ந்தார்கள். இரண்டு கூட்டத்தாரும் பங்காளிகள் மாதிரி. மொழி நெருக்கம், குதிரை வளர்ப்பு, மலை வாழ்க்கை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். உடையிலே கொஞ்சம் வித்தியாசம்.

மேதிய அரசன் சயக்ஸாரஸ் பாபிலோனியரோடு கூட்டுச் சேர்ந்து கி.மு. 612-இல் நினிவே நகரைத் தரைமட்டமாக்கினான். மேற்கே லிடியா நாட்டோடு நடந்த போரின் நடுவே பகல் இரவானது. இரண்டு பக்கமும் பயந்து ஆயுதத்தைக் கீழே போட்டது. அந்தச் சூரிய கிரகணம் கி.மு. 585 மே 28 என்று வானியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். சமாதானத்துக்கு அடையாளமாக லிடிய இளவரசியைச் சயக்ஸாரஸின் மகன் அஸ்டயாஜஸுக்குக் கட்டி வைத்தார்கள். இந்த அஸ்டயாஜஸ்தான் நம் கதையின் அரசன். முப்பத்தைந்து வருஷம் ஆண்டவன்.

சரி, இனி ஹெரடோட்டஸ் சொல்வதைக் கேட்போம். சம்பவம் நடந்து சுமார் நூறு வருஷம் கழித்து எழுதியவர் அவர்.

அஸ்டயாஜஸுக்கு மண்டானே என்று ஒரு மகள். அவளிடமிருந்து வெள்ளம் புறப்பட்டு நகரை மூழ்கடித்து ஆசியா முழுவதும் பரவுவதாக ஒரு நாள் கனவு கண்டான். (எந்த வகை வெள்ளம் என்பதை ஹெரடோட்டஸ் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு படிக்கும் மலரில் எனக்கு அது வராது.) கனவுக்குப் பலன் சொல்லும் மாகியர் கையைப் பிசைந்தார்கள். அரசன் பயந்துபோய், மேதியப் பெருங்குடியில் மகளைக் கொடுத்தால் ஆபத்து என்று, சாதுவான ஒரு பாரசீகனுக்குக் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளையின் பெயர் காம்பைசஸ். நல்ல குடும்பம்தான், ஆனால் நடுத்தர மேதியனுக்கும் கீழே என்பது மாமனாரின் மதிப்பீடு. கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் இன்னொரு கனவு. மகளிடமிருந்து ஒரு திராட்சைக்கொடி கிளம்பி ஆசியா முழுவதும் நிழல் பரப்புகிறது. பிள்ளைத்தாய்ச்சியான மகளை வரவழைத்துக் காவலில் வைத்தான். பிறந்த ஆண் குழந்தையை எடுத்துப்போய்க் கொன்றுவிடும்படி தன் உறவினனும் நம்பிக்கைக்கு உரியவனுமான ஹார்ப்பகஸிடம் ஒப்படைத்தான்.

ஹார்ப்பகஸ் உலகம் தெரிந்த மனிதன். கிழவனுக்கு ஆண் வாரிசு இல்லை. நாளைக்கே பட்டம் இந்த மகளுக்குப் போனால் பிள்ளையைக் கொன்றவனின் கதி என்ன? தன் கையால் செய்யாமல் மித்ரடாட்டஸ் என்ற மாட்டிடையனைக் கூப்பிட்டு, காட்டில் போட்டுவிடச் சொன்னான். இடையன் மனைவிக்கு அன்றுதான் குழந்தை செத்துப் பிறந்திருந்தது. செத்த குழந்தையை இளவரசன் துணியில் சுற்றிக் காட்டில் வைத்துவிட்டு, உயிருள்ளதைத் தங்கள் பிள்ளையாக வளர்த்தார்கள். இதுவரைக்கும் வந்ததுமே உங்களில் பாதிப் பேர் "அட, இது கம்சன் கதை!" என்று சொல்லியிருப்பீர்கள். ஆயர்பாடி கூட அப்படியே இருக்கிறது. ஒற்றுமை கண்ணன் கதையோடு மட்டும் நிற்கவில்லை. சைரஸுக்குப் பல நூற்றாண்டு முன்பே மெசப்பொட்டேமியாவில் சார்கோன் என்ற அரசனைப் பற்றி, கூடையில் வைத்து ஆற்றில் விட்டார்கள், நீர் இறைப்பவன் ஒருவன் எடுத்து வளர்த்தான் என்று கதை உண்டு. புது வம்சம் தொடங்குகிறவனுக்கு இப்படி ஒரு பிறப்புக் கதை கட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

பையனுக்குப் பத்து வயது. தெருப் பிள்ளைகள் ராஜா விளையாட்டு விளையாடி இவனை ராஜா ஆக்குகிறார்கள். பேச்சைக் கேட்காத ஒரு பிரபு மகனை இவன் நிஜமாகவே சவுக்கால் அடித்துவிட்டான். பஞ்சாயத்து அரண்மனைக்குப் போயிற்று. பையன் நின்ற நிலை, பேசிய பேச்சு, முகச்சாயல் எல்லாம் பார்த்துக் கிழவனுக்கு உடம்பு சில்லிட்டது. விசாரித்தான், உண்மை வெளிவந்தது. பேரன் பிழைத்ததில் சந்தோஷம் என்று சொல்லிக்கொண்டு, ஹார்ப்பகஸிடம் சிரித்த முகமாக, "உன் மகனை இங்கே அனுப்பு, பேரனுக்குத் துணையாக இருக்கட்டும். ராத்திரி நீயும் விருந்துக்கு வா" என்ற பொருள்படச் சொன்னான்.

பதின்மூன்று வயது மகன், ஒரே பிள்ளை. அவனைக் கொன்று கறி சமைத்துத் தகப்பனுக்கே பரிமாறினார்கள். சாப்பிட்டு முடித்ததும் மூடிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து திறக்கச் சொன்னார்கள். உள்ளே தலை, கைகள், கால்கள். சிறுத்தொண்டர் வீட்டுப் பிள்ளைக்கறி நமக்குப் பழக்கமான கதை. அங்கே அது பக்தியின் சோதனை. முடிவில் சீராளன் ஓடி வந்துவிடுவான். இங்கே யாரும் ஓடி வரவில்லை. சாப்பிட்டது எந்த மிருகம் என்று தெரிகிறதா என அரசன் கேட்க, தெரிகிறது, அரசன் செய்வது எதுவானாலும் எனக்கு உவப்பே என்று ஹார்ப்பகஸ் பதில் சொல்லி, மிச்சத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஹெரடோட்டஸின் புத்தகத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய இடம் இதுதான். அவன் கத்தியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். கத்தவில்லை.

மாகியர்களோ, பையன் விளையாட்டிலேயே ராஜா ஆகிவிட்டான், கனவு பலித்துவிட்டது, இனி பயமில்லை என்று சொன்னார்கள். சைரஸைப் பாரசீகத்தில் இருந்த பெற்றோரிடம் அனுப்பிவிட்டார்கள். வருஷங்கள் ஓடின. ஹார்ப்பகஸ் ஒவ்வொரு மேதியப் பிரபுவாகச் சந்தித்து, கொடுங்கோலனை இறக்க வேண்டும் என்று காதில் போட்டுவைத்தான். பிறகு ஒரு முயலின் வயிற்றைக் கிழித்து உள்ளே கடிதத்தை வைத்துத் தைத்து, வலையோடு வேட்டைக்காரன் வேஷத்தில் ஒரு வேலைக்காரனைப் பாரசீகத்துக்கு அனுப்பினான். வழியெல்லாம் காவல் இருந்தாலும், செத்த முயலை யார் சோதிப்பார்கள்?

கடிதம் கிடைத்த சைரஸ் பாரசீகக் குலங்களைத் திரட்டிய விதம் ரசமானது. முதல் நாள் எல்லோரையும் அரிவாளோடு வரச்சொல்லி, ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் முட்புதர் நிலத்தை ஒரே நாளில் வெட்டித் திருத்த வைத்தான். மறுநாள் குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி, அப்பாவுடைய ஆடு மாடுகளை எல்லாம் அடித்துப் பெரிய விருந்து வைத்தான். நேற்று நல்லா இருந்ததா, இன்றைக்கு நல்லா இருக்கா என்று கேட்டான். பதில் தெரிந்ததே. "என் பின்னால் வந்தால் தினம் இன்று, இல்லாவிட்டால் தினம் நேற்று" என்பதுதான் அவன் பிரசங்கத்தின் சாரம். அதைவிடச் சுருக்கமான பிரசார உரையை நான் கேட்டதில்லை.

அஸ்டயாஜஸ் படை அனுப்பினான். தளபதியாக யாரை நியமித்தான் தெரியுமா? ஹார்ப்பகஸை! தான் செய்ததை அவனே மறந்துவிட்டான். தெய்வம் அவன் புத்தியைக் கெடுத்தது என்கிறார் ஹெரடோட்டஸ். அடித்தவன் மறப்பான், அடிபட்டவன் மறக்கமாட்டான் என்று நம் ஊரில் சொல்வதுதான். போர்க்களத்தில் விஷயம் தெரியாத சில மேதியர் மட்டும் சண்டை போட்டார்கள். ஒரு பகுதி நேராகப் பாரசீகர் பக்கம் போய் நின்றது. பெரும்பகுதி ஓடிவிட்டது. கிழவன் பலன் சொன்ன மாகியரைக் கழுவேற்றிவிட்டு, நகரத்தில் மிச்சம் இருந்த இளைஞர், கிழவர் எல்லோரையும் ஆயுதம் எடுக்கவைத்துத் தானே கிளம்பினான். தோற்றான். பிடிபட்டான்.

கதை என்று பார்த்தால் இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் வரலாறு படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "இதை உனக்கு யார் சொன்னது?" என்று கேட்பான். சைரஸைப் பற்றித் தனக்கு இன்னும் மூன்று விதக் கதைகள் தெரியும் என்றும், மிகைப்படுத்தாததையே எடுத்துக்கொண்டதாகவும் ஹெரடோட்டஸே சொல்லியிருக்கிறார். மிகைப்படுத்தாதது இதுவென்றால் மற்ற மூன்றும் எப்படி இருந்திருக்கும்! ஹார்ப்பகஸ் பின்னாளில் சைரஸின் தளபதியாகி ஆசியா மைனரின் கடற்கரை நகரங்களைப் பிடித்தவன். ஹெரடோட்டஸ் பிறந்த ஹாலிகார்னஸஸும் அந்தப் பக்கத்து ஊர்தான். ஹார்ப்பகஸ் வம்சாவளியினர் சொல்லிவந்த கதை இவர் காதுக்கு எட்டியிருக்கும் என்று சில ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. பாட்டன் அரசனைக் காட்டிக்கொடுத்தான் என்று சொல்வதைவிட, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் பழி தீர்த்தான் என்று சொன்னால் குடும்பத்துக்கு மரியாதை.

இப்போது களிமண்ணுக்கு வருவோம். பாபிலோனில் ஆண்டுதோறும் நடந்ததைக் குறித்துவைக்கும் பழக்கம் இருந்தது. ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவ எழுத்தில் பதிந்து வைப்பார்கள். நபோனிடஸ் என்ற பாபிலோனிய அரசனின் காலத்தைச் சொல்லும் அப்படி ஒரு பலகை, உடைந்தும் சிதைந்தும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1882-இல் பிஞ்சஸ் என்ற அறிஞர் அதை வெளியிட்டார். கனவு கிடையாது, முயல் கிடையாது. ஆறாம் ஆண்டுக்கான, அதாவது கி.மு. 550-549-க்கான, குறிப்பில் உள்ளதை என் வார்த்தையில் சொல்கிறேன். இஷ்துமேகு படை திரட்டி அன்ஷான் அரசன் குராஷ் மீது போனான். அவனுடைய படையே அவனுக்கு எதிராகக் கிளம்பியது. அவனைப் பிடித்து குராஷிடம் ஒப்படைத்தது. குராஷ் தலைநகர் அகம்தானுவுக்குப் போய் வெள்ளி, பொன், பொருள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அன்ஷானுக்குக் கொண்டுபோனான். இஷ்துமேகு அஸ்டயாஜஸ், குராஷ் சைரஸ், அகம்தானு அந்த அக்மேதா, எக்படானா.

நான் முதலில் சொன்ன "ஒத்துப்போகும் இடம்" இதுதான். கதை கட்டத் தெரிந்த கிரேக்கரும், கணக்கு எழுதுவது போல எழுதிய பாபிலோனிய எழுத்தரும் ஒன்றைச் சொல்கிறார்கள்: அரசனை அவன் படையே கைவிட்டது. சொல்லப்போனால் களிமண் இன்னும் கடுமையாகவே பேசுகிறது. ஹெரடோட்டஸில் பாதிப் படை ஓடுகிறது, அரசன் களத்தில் பிடிபடுகிறான். களிமண்ணில் அவன் ஆட்களே அவனைப் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். படையெடுத்துப் போனவன் அஸ்டயாஜஸ் என்பதையும் கவனியுங்கள். பாரசீகர் தலைநகரின் மேல் பாயவில்லை. அடக்கப் போனவன்தான் வழியிலே அகப்பட்டான்.

அதே நபோனிடஸ் தன் பெயரில் எழுதிவைத்த உருளை ஒன்றும் சிப்பார் நகரத்தில் கிடைத்தது. அதில் அவனுக்கு ஒரு சொந்தக் கவலை. ஹர்ரான் ஊரில் சந்திரதேவன் கோயிலை எடுத்துக் கட்ட வேண்டும். மேதியர் தொல்லையால் முடியவில்லை. தெய்வம் கனவில் வந்து, அந்தக் கூட்டம் இனி இருக்காது என்றதாம். மூன்றாம் ஆண்டு அன்ஷான் அரசன் சைரஸ் தன் சிறிய படையோடு அவர்களுடைய பெரிய கூட்டத்தைச் சிதறடித்து, இஷ்துமேகுவைக் கட்டித் தன் நாட்டுக்குக் கொண்டுபோனான் என்கிறது உருளை. மூன்றாம் ஆண்டு என்றால் கி.மு. 553. பலகையோ 550 என்கிறது. இரண்டையும் சேர்த்து, கிளர்ச்சி 553-இல் தொடங்கி 550-இல் முடிந்திருக்கும் என்று பலரும் கொள்கிறார்கள். எப்படியானாலும் "சிறிய படை" என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். மேதியர் ஒழிந்தார்கள் என்று குளிர்ந்துபோன நபோனிடஸின் பாபிலோனை அதே சைரஸ் கி.மு. 539-இல் பிடித்தான். அது வேறு கதை.

அந்த 539 வெற்றியைச் சொல்லும் சைரஸ் உருளை 1879-இல் பாபிலோன் இடிபாட்டில் ஹோர்முஸ்த் ரஸாம் நடத்திய அகழ்வில் கிடைத்தது. அதில் சைரஸ் தன் குலத்தைத் தானே சொல்கிறான். அப்பன் காம்பைசஸ் அன்ஷான் அரசன், பாட்டன் சைரஸ் அன்ஷான் அரசன், முன்னோன் தைஸ்பஸ் அன்ஷான் அரசன். மேதியப் பாட்டனைப் பற்றி ஒரு சொல் இல்லை. இடையன் வீட்டு வளர்ப்புப் பிள்ளை கதை இங்கே அடிபட்டுப் போகிறது. சாதுவான மாப்பிள்ளை என்று ஹெரடோட்டஸ் சொன்ன காம்பைசஸ் உண்மையில் ஒரு சிற்றரசன். அன்ஷான் சாதாரண ஊர் அல்ல. பழைய ஏலாம் நாட்டின் பெருநகரங்களில் ஒன்று. அது இருந்த இடமே நெடுங்காலம் தெரியாமல் இருந்து, 1970-களில்தான் ஷிராஸுக்கு வடக்கே உள்ள மால்யான் மேடு என்று எழுத்துப் பொறித்த செங்கற்களை வைத்து உறுதியாயிற்று.

அப்படியானால் மகள், பேரன் கதை ஏன் வந்தது? டீசியஸ் என்றொரு கிரேக்க வைத்தியர் பாரசீக அரசவையிலேயே இருந்து எழுதியவர். அவர் தலைகீழாகச் சொல்கிறார். சைரஸுக்கும் அஸ்டயாஜஸுக்கும் உறவே கிடையாது. வழிப்பறிக்காரன் மகன், தாய் ஆடு மேய்த்தவள். அரண்மனையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்து படிப்படியாக மது ஊற்றும் பணிக்கு உயர்ந்தவன். வென்றபின் அஸ்டயாஜஸின் மகள் அமிட்டிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒருவர் பெண் வயிற்றுப் பேரன் ஆக்குகிறார், இன்னொருவர் மருமகன் ஆக்குகிறார். தேவை இரண்டிலும் ஒன்றே. மேதியர் ஏற்க வேண்டுமானால் அந்த வீட்டோடு ஒரு சம்பந்தம் காட்டியாக வேண்டும். நம் பக்கத்து அரசர்களும் பெண் கொடுத்தும் எடுத்தும் செய்த காரியம்தான்.

டீசியஸ் பரம்பரையில் வந்த கதைகளில் ஒன்றை மட்டும் விட மனமில்லை. பாரசீகர் ஒரு போரில் தோற்றுப் பசர்கடே நோக்கி ஓடி வருகிறார்கள். ஊர்ப் பெண்கள் எதிரே வந்து சேலைத்தலைப்பை, மன்னிக்கவும், அங்கியைத் தூக்கிக் காட்டி, "எங்கேடா ஓடுறீங்க? வந்த இடத்துக்குள்ளேயே திரும்பிப் போகப் போறீங்களா?" என்ற பொருளில் கேட்டார்களாம். வெட்கப்பட்டுத் திரும்பியவர்கள் ஜெயித்தார்கள். அதற்கு நன்றியாக, பாரசீக அரசன் அந்தப் பகுதிக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பொற்காசு தரவேண்டும் என்று வழக்கம். அந்தச் செலவுக்குப் பயந்தே ஓகஸ் என்ற அரசன் சொந்த ஊர்ப் பக்கம் ஒருமுறைகூடத் தலைவைக்கவில்லை என்று புளூட்டார்க் எழுதுகிறார். அலெக்சாண்டர் வந்தபோது கொடுத்தாராம். கடைசிப் போர் நடந்த இடம் என்பதால்தான் சைரஸ் அங்கே நகரம் எழுப்பினான் என்பது ஸ்ட்ராபோவின் கூற்று. ஆறு படிக்கட்டு மேடைமேல் அவன் கல்லறை இன்றும் அங்கே நிற்கிறது.

ஸெனபோன் எழுதிய சைரஸ் சரித்திரத்தில் கிளர்ச்சியே இல்லை; எல்லாம் மாமன் மச்சான் உறவாகச் சுமுகமாக நடக்கிறது. அது இளவரசர்களுக்கான நீதிநூல். ஆனால் அதே ஸெனபோன் தான் நடந்துபோன வழியைப் பற்றி எழுதும்போது, பாரசீகர் மேதியரிடமிருந்து அரசைப் பறித்த காலத்தில் இன்னின்ன நகரங்கள் விழுந்தன என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறார்.

மேதியப் படை ஏன் மாறியது? இந்த இடத்தில் மேதியர் சொல்வதைக் கேட்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் மேதியர் தம் மொழியில் எழுதிய ஒரு வரிகூட இதுவரை கிடைக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் அடுத்த வீட்டுக்காரன் பேச்சு. அஸ்டயாஜஸ் சுகபோகத்தில் மூழ்கிப் படையைத் துருப்பிடிக்க விட்டுவிட்டான், அந்த இளக்காரத்தால் சைரஸ் துணிந்தான் என்கிறார் அரிஸ்டாட்டில். மேதியப் பேரரசு என்ற ஒன்று உண்மையில் இருந்ததா, பல மலைத்தலைவர்கள் ஒருவனுக்குக் கீழே தளர்வாகக் கட்டுண்டு இருந்தார்களா என்று 1980-களிலிருந்து டச்சு அறிஞர் சான்சிசி-வேர்டன்பர்க் போன்றவர்கள் கேட்டுவருகிறார்கள். என் கட்சி அவர்கள் பக்கம். அப்படித் தளர்ந்த கட்டு என்றால், ஒவ்வொரு தலைவனும் தன் ஆட்களோடு களத்துக்கு வந்திருப்பான். நாலு பெரிய தலைகள் கூடாரத்தில் உட்கார்ந்து பேசி முடித்தால் காலையில் அரசனுக்குப் படை இருக்காது. சிறிய படையோடு வந்தவன் ஜெயிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பாரசீகக் கிளர்ச்சி என்று பெயர். தீர்ப்பு எழுதியது மேதியர் பாசறை.

ஹெரடோட்டஸில் வரும் ஒரு சின்ன உரையாடலை இதற்காகத்தான் கடைசிவரை எடுத்து வைத்திருந்தேன். பிடிபட்டு நிற்கும் அஸ்டயாஜஸிடம் ஹார்ப்பகஸ் வந்து, விருந்தை நினைவூட்டி, அரசனாக இருந்தவனுக்கு அடிமைத்தனம் எப்படி இருக்கிறது என்று குத்திக் கேட்கிறான். கிழவன் அழவில்லை. இந்தக் காரியம் உன்னுடையதா என்று திருப்பிக் கேட்டு, ஆம் என்றதும் சொல்கிறான்: அப்படியானால் உன்னைப் போல் முட்டாளும் இல்லை, அநியாயக்காரனும் இல்லை. உன் கையாலேயே முடிந்த காரியம் என்றால் நீயே அரசனாகியிருக்கலாம். இன்னொருவனுக்குக் கொடுத்தாய், அதனால் முட்டாள். உனக்கும் எனக்கும் உள்ள ஒரு வேளைச் சாப்பாட்டுப் பகைக்காக, ஒரு பாவமும் அறியாத மேதியர் அத்தனை பேரையும் நேற்றைய அடிமைகளுக்கு அடிமையாக்கினாய், அதனால் அநியாயக்காரன். அரசை யாருக்காவது கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு மேதியனுக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

ஹார்ப்பகஸ் என்ன பதில் சொன்னான் என்று புத்தகத்தில் இல்லை. இந்தப் பேச்சு நடந்ததா என்பதற்குச் சாட்சியும் இல்லை. ஆனாலும் பிள்ளையைக் கொன்ற பாவி வாயில் இப்படி ஒரு நியாயத்தை வைக்க ஹெரடோட்டஸுக்கு மனம் வந்ததே, அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன்.

எக்படானாவின் வெள்ளியும் பொன்னும் வண்டியேறித் தெற்கே போனதை, அரசனைப் பிடித்துக் கொடுத்த அந்தப் படைவீரர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பார்கள். அதேசமயம் சைரஸ் அவர்களை மிதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். லிடியாவில் கலகத்தை அடக்கப் போன மசாரஸ் மேதியன். அவனுக்குப் பின் வந்தவன் ஹார்ப்பகஸ். கி.மு. 490-இல் மாரத்தானுக்குப் படகேறிய டாட்டிஸும் மேதியன். பெர்செபோலிஸ் சிற்பங்களில் உருண்டைத் தொப்பி வைத்த மேதியரும் பாரசீகரும் மாறி மாறி நிற்கிறார்கள். கிரேக்கர்கள் பாரசீகரையே மேதியர் என்றுதான் அழைத்தார்கள்; பாரசீகருக்குக் காட்டிக்கொடுத்தவனை "மேதியன் ஆனவன்" என்று ஏசினார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது என்று நான் சொன்னால், "பதவியும் மிஞ்சியதே" என்று நீங்கள் மடக்கலாம். இரண்டும் உண்மைதான்.

அஸ்டயாஜஸைச் சைரஸ் சாகும்வரை தன்னோடு வைத்துக்கொண்டான், தீங்கு செய்யவில்லை என்பது ஹெரடோட்டஸ். பாலைவனத்தில் பசியிலும் தாகத்திலும் விடப்பட்டுச் செத்தான் என்பது டீசியஸ்.

மேதியர் பின்னால் தாங்கள் செய்ததற்கு வருந்தி டேரியஸ் காலத்தில் எழுந்தார்கள், தோற்றார்கள் என்று ஹெரடோட்டஸ் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஒரு வாக்கியத்தின் விரிவு பிசுட்டூன் மலைப்பாறையில் இருக்கிறது. ஹமதானிலிருந்து கெர்மான்ஷா போகும் பாதையில், எட்டாத உயரத்தில், மூன்று மொழிகளில் டேரியஸ் வெட்டிவைத்த கல்வெட்டு அது. கி.மு. 522-இல், அஸ்டயாஜஸ் வீழ்ந்து இருபத்தெட்டு வருஷத்தில், ஃபிரவர்த்திஷ் என்ற மேதியன் எழுந்தான். அரண்மனையில் இருந்த மேதியப் படை என்னை விட்டு அவன் பக்கம் போயிற்று என்று டேரியஸே ஒப்புக்கொள்கிறான். மறுபடியும் படை! இந்தத் தடவை அது பலிக்கவில்லை. பிடிபட்ட ஃபிரவர்த்திஷின் மூக்கு, காது, நாக்கு அறுத்து, ஒரு கண்ணைப் பிடுங்கி, வாசலில் கட்டி ஊருக்குக் காட்டி, எக்படானாவிலேயே கழுவேற்றினார்கள். சகார்த்தியா பகுதியில் சித்ரந்தக்மா என்ற இன்னொருவனும் எழுந்தான். அவனை அடக்க டேரியஸ் அனுப்பிய தளபதி தக்மஸ்பாத, அவனும் ஒரு மேதியன்.

பாறைச் சிற்பத்தில் கழுத்தில் கயிறு பூட்டி வரிசையாக நிற்கும் ஒன்பது கைதிகளில் மூன்றாவது ஆள் ஃபிரவர்த்திஷ். அவன் மேதியரிடம் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டான் என்பதும் கல்லிலே இருக்கிறது. சித்ரந்தக்மாவும் அதையேதான் சொன்னான். இருவருமே தங்களைச் சயக்ஸாரஸின் குலம் என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் ஆண்ட அஸ்டயாஜஸின் பெயரை இருவரில் ஒருவரும் சொல்லவில்லை.